சாரா சாப்மனைத் தேடி: கிழக்கு லண்டனில் ஒரு வாரம்

திங்கள், மைல் எண்ட்

அன்னி பெசன்ட் என்ற பெயர் சென்னைக்காரர்களுக்கு வீட்டுப் பெயர்போல. பெசன்ட் நகரில் குடியிருக்கிறோம். அடையாறு பிரம்மஞான சபையின் ஆலமரத்தைப் பார்க்கப் பிள்ளைகளை அழைத்துப் போகிறோம். அவர் 1893இல் இந்தியாவுக்கு வந்தார். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, கிழக்கு லண்டனின் தீக்குச்சித் தொழிற்சாலைப் பெண்கள் செய்த வேலைநிறுத்தத்தில் அவர் பெயர் ஊரெல்லாம் அடிபட்டது. அதை அன்னி பெசன்ட்டின் வேலைநிறுத்தம் என்றே நெடுங்காலம் எழுதிவந்தார்கள். ஆனால் வேலையை விட்டு வெளியே வந்தவர்கள் சுமார் 1,400 பேர். அந்த வாரச் சம்பளத்தை இழந்தவர்களும் அவர்கள்தான். அவர்களில் ஒருவரின் குடும்பக் கதையைத் தொடர்ந்து போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அவர் பெயர் சாரா சாப்மன்.

சாரா 1862 அக்டோபர் 31 அன்று மைல் எண்டில் பிறந்தார். அப்பா சாமுவேல் சாப்மன், பீர் வடிக்கும் ஆலையில் வேலையாள். அம்மா சாரா ஆன் மெக்கன்சி. ஏழு பிள்ளைகளில் இவர் ஐந்தாவது. அம்மா பெயரும் சாரா, மகள் பெயரும் சாரா. பின்னாளில் தன் மூத்த மகளுக்கும் அவர் சாரா எல்சி என்றே பெயர் வைத்தார். சாப்மன் என்பதோ இங்கிலாந்தில் தெருவுக்குத் தெரு கிடைக்கும் குடும்பப் பெயர். பரம்பரை தேடுபவர்களைத் திணறடிக்க இதைவிட வேறென்ன வேண்டும்? பிறந்த நாள், தெரு, அப்பாவின் தொழில் மூன்றும் ஒத்துப்போனால்தான் "இவர்தான் நம் சாரா" என்று அடுத்த அடி வைக்க முடியும்.

ரயிலில் ஒயிட்சாப்பல் வந்து இறங்கி, மைல் எண்ட் சாலை நெடுக நடந்தேன். ஆல்பியன் பீர் ஆலையின் முகப்பு இன்றும் நிற்கிறது. உள்ளே குடியிருப்புகளாக மாறிவிட்டது. இன்னும் கிழக்கே போனால் சாரிங்டன் ஆலை இருந்த இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வட்டாரத்து ஆண்கள் பீர் ஆலைக்கும் கப்பல்துறைக்கும் மரவேலைக்கும் போனார்கள். பெண்கள் தையலுக்கும் தீக்குச்சிக்கும் போனார்கள். சாரா இருபது வயதை எட்டும் முன்பே தாயோடும் அக்கா மேரியோடும் பிரையன்ட் அண்டு மே தீக்குச்சித் தொழிற்சாலையில் இயந்திரத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். ஒரே வீட்டில் மூன்று பெண்கள் ஒரே ஆலையில்.

ஒயிட்சாப்பல் சந்தையில் இப்போது வங்காளதேசத்துக் கடைகள். பாகற்காயும் முருங்கைக்காயும் குவித்து வைத்திருந்தார்கள். ஒரு டீ குடித்துவிட்டு அறைக்குத் திரும்பினேன்.

செவ்வாய், கிளர்க்கன்வெல்

லண்டனின் நகர ஆவணக் காப்பகம் இங்கே இருக்கிறது. அடையாளச் சான்றைக் காட்டினால் இலவசமாக அட்டை போட்டுத் தருகிறார்கள். உள்ளே பேனா கூடாது, பென்சில் மட்டும். பையை வெளியே வைத்துப் பூட்டிவிட வேண்டும். கிழக்கு லண்டன் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் பெரும்பாலும் இங்கேதான் சேர்ந்திருக்கின்றன.

இங்கிலாந்திலும் வேல்சிலும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசு பதியத் தொடங்கியது 1837 ஜூலை 1 அன்று. அதற்கு முந்தியவர்களுக்குத் தேவாலயப் பதிவேடே கதி. சாரா பிந்தையவர் என்பதால் அவருக்கு இரண்டும் உண்டு. ஆனால் பதிவேடு இருப்பது வேறு, அதில் ஒரு பெண் இருப்பது வேறு என்பதை இன்று கண்ணாரக் கண்டேன்.

திருமணப் பதிவேட்டின் ஒரு பக்கத்தைச் சொல்கிறேன். கிழக்கு லண்டனின் ஒரு தேவாலயம், 1840களின் ஏதோ ஒரு மாதம். ஒரு பக்கத்தில் இரண்டு திருமணங்கள். முன்பே அச்சடித்த கட்டங்கள்: வரிசை எண், தேதி, பெயர், வயது, மணமாகாதவரா துணையை இழந்தவரா, தொழில், குடியிருக்கும் இடம், தந்தையின் பெயர், தந்தையின் தொழில். வயதுக் கட்டத்தில் எண் எதுவும் இல்லை. "முழு வயது" என்று மட்டும் எழுதியிருக்கிறார் பாதிரியார். இருபத்தொரு வயது கடந்தவர் என்பது அதன் பொருள். மாப்பிள்ளை செருப்புத் தைப்பவர். பெண்ணின் தொழில் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு. அடியில் மாப்பிள்ளை தடுமாறிய எழுத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பெண் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறார். அதன் இருபுறமும் பாதிரியார் அவர் பெயரை எழுதி நிரப்பியிருக்கிறார். அந்தக் குறியின் ஒரு கால் அடுத்த கட்டத்துக்குள் நீண்டு மை தெறித்திருக்கிறது. எழுதுகோலை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும்.

இந்தக் கட்டங்களில் தாய்க்கு இடமே இல்லை. 1837 முதல் இங்கிலாந்தின் திருமணச் சான்றிதழ்களில் தந்தையின் பெயரும் தொழிலும் மட்டும்தான். தாயின் பெயரையும் சேர்க்கத் தொடங்கியது 2021 மே மாதம். நூற்று எண்பது ஆண்டுகளுக்கு மேல் மகளின் கல்யாணத்தில் தாய்க்கு ஒரு கட்டம் ஒதுக்க யாருக்கும் தோன்றவில்லை என்பதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயரும் கன்னிப் பருவத்துக் குடும்பப் பெயரும் இருக்கின்றன. மெக்கன்சி என்ற பெயர் கிடைப்பது அப்படித்தான். பெண் வழியில் மேலே ஏற வேண்டுமென்றால் பிறப்புச் சான்றிதழே ஏணி. திருமணச் சான்றிதழோ ஆண் வழியில் மட்டும் ஏற்றிவிடும்.

புதன், போ வட்டாரம்

போ தேவாலயம் சாலையின் நடுவே தீவுபோல நிற்கிறது. இருபுறமும் லாரிகள் பறக்கின்றன. அதற்கு முன்னால் கிளாட்ஸ்டனின் வெண்கலச் சிலை. நான்கு முறை பிரிட்டிஷ் பிரதமராக இருந்தவர். சிலையின் கைகளில் சிவப்புச் சாயம். யாரோ பூசுகிறார்கள், வெளுத்துப்போனால் மறுபடியும் பூசுகிறார்கள்.

அதற்குக் காரணம் இருக்கிறது. 1882இல் இந்தச் சிலையை நிறுவியவர் தீக்குச்சி முதலாளிகளில் ஒருவரான தியோடர் பிரையன்ட். தொழிலாளிப் பெண்கள் ஒவ்வொருவரின் சம்பளத்திலும் ஒரு ஷில்லிங் பிடித்துக்கொண்டார்கள் என்றும், திறப்பு விழாவுக்காக ஆலையை மூடி அரை நாள் கூலியையும் வெட்டினார்கள் என்றும் அன்னி பெசன்ட் எழுதினார். பெண்கள் பையில் கற்களோடு விழாவுக்கு வந்தார்களாம். பிறகு சிலையைச் சூழ்ந்துகொண்டு "இதற்குக் காசு கொடுத்தது நாங்கள்" என்று கத்தினார்களாம். சிலர் கையைக் கீறிக்கொண்டு இரத்தத்தைப் பீடத்தில் வழியவிட்டார்கள் என்ற கதையையும் அவர் எழுதியிருக்கிறார். சாராவுக்கு அப்போது இருபது வயதுக்குள்தான். அந்தக் கூட்டத்தில் அவரும் நின்றாரா என்று எந்தப் பதிவேடும் சொல்லாது. அவர் வேலை செய்த ஆலையின் கதை இது, அவ்வளவுதான்.

சிலையிலிருந்து சில நிமிட நடை, ஃபேர்ஃபீல்டு சாலை. செங்கல் கோட்டைபோல நிற்கும் தொழிற்சாலை 1979இல் மூடப்பட்டது. பிறகு விலையுயர்ந்த குடியிருப்பாகிவிட்டது. வாசலில் காவலர் இருக்கிறார். குடியிருப்பவர்கள் தவிர யாரும் உள்ளே போக முடியாது. இப்போது நிற்கும் கட்டடத்தின் பெரும்பகுதி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது. சாரா நடந்த தளங்கள் அவை அல்ல. சாலையும் வாசலும் மட்டும் அவருடையவை. வேலைநிறுத்தத்தை நினைவுகூரும் நீலப் பலகை 2022இல் இங்கே வைக்கப்பட்டது.

தீப்பெட்டி என்றால் சிவகாசியையும் கோவில்பட்டியையும் நினைக்கிற நமக்கு இந்த வேலையின் வாசனை தெரியும். ஆனால் இங்கே பயன்படுத்தியது வெள்ளை பாஸ்பரஸ். அதன் ஆவி பல்லின் ஓட்டை வழியாக ஏறித் தாடை எலும்பை அழுகச் செய்தது. முதலில் பல்வலி, பிறகு வீக்கம், பிறகு சீழும் நாற்றமும். எலும்பையே அறுத்து எடுக்க வேண்டிவரும். இப்படி 17 பேருக்கு நோய் வந்ததை மறைத்ததற்காக 1898இல் இந்த நிறுவனத்துக்கு நீதிமன்றம் விதித்த அபராதம் சுமார் 25 பவுண்டு. வெள்ளை பாஸ்பரஸை நிறுவனம் கைவிட்டது 1901இல். நாடு முழுவதும் தடைசெய்யும் சட்டம் 1908இல் வந்தது.

1888 ஜூன் 23 அன்று "தி லிங்க்" என்ற வார இதழில் பெசன்ட் எழுதிய கட்டுரையின் தலைப்பு, "லண்டனில் வெள்ளை அடிமைத்தனம்". எண்களை அடுக்கி எழுதினார். நிறுவனம் முந்தைய ஆண்டு பங்குதாரர்களுக்குக் கொடுத்த ஈவு 23 சதவீதம். பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தியின் வாரச் சம்பளம் 4 ஷில்லிங். கோடையில் காலை ஆறரைக்கு வேலை தொடங்கும், மாலை ஆறுக்கு முடியும். கால் அழுக்காக இருந்தால் அபராதம் 3 பென்ஸ். பெஞ்சுக்கு அடியில் குப்பை கிடந்தாலும் பேசினாலும் அபராதம். காலையிலும் மதியத்திலும் அந்தச் சிறுமி சாப்பிட்டது ரொட்டியும் வெண்ணெயும் தேநீரும். மாதத்துக்கு ஒருமுறை ஓரிடத்தில் காப்பியும் ஜாமும் வயிறாரக் கிடைக்கும் என்று கண்கள் பளபளக்கச் சொன்னாளாம்.

கட்டுரை பொய் என்று தொழிலாளிகளிடம் கையெழுத்துக் கேட்டது நிர்வாகம். அவர்கள் மறுத்தார்கள். ஒருவரை வேலையைவிட்டு நீக்கியதும் ஜூலை முதல் வாரத்தில் ஆலையே வெளியே வந்துவிட்டது. பெசன்ட் கேட்டிருந்தது, அந்தத் தீக்குச்சியை மக்கள் வாங்கக் கூடாது என்பதுதான். வேலைநிறுத்தம் இந்தப் பெண்களின் முடிவு. இதை அழுத்திச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் நம் ஊரில் வாழ்ந்தவர் என்பதற்காக இந்தப் பெண்களுக்கு உரியதை அவர் கணக்கில் எழுதிவிடக் கூடாது. பெண்கள் கூட்டமாக ஃபிளீட் தெருவுக்கு நடந்தார்கள். பூவரி தெருவில் இருந்த பத்திரிகை அலுவலகத்துக்குள் மூன்று பேர் தூதாகப் போனார்கள். சாரா சாப்மன், மேரி கம்மிங்ஸ், திருமதி நால்ஸ்.

இரண்டு வாரத்துக்குள் வெற்றி. அபராதங்கள் ஒழிந்தன. சாப்பிடத் தனி அறை கிடைத்தது. பாஸ்பரஸ் படிந்த இடத்திலேயே ரொட்டியைத் தின்ற பெண்களுக்கு அது உயிர் காக்கும் விஷயம். குறைகளை மேற்பார்வையாளருக்குப் பயப்படாமல் நேராக நிர்வாகத்திடம் சொல்லலாம் என்றானது. பெண்கள் தங்களுக்கென்று தொழிற்சங்கம் அமைப்பதையும் நிர்வாகம் ஏற்றுக்கொண்டது.

வியாழன், தொழிற்சங்க நூலகம்

லண்டன் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகத்தில் தொழிற்சங்கப் பேரவையின் நூலகத் தொகுப்பு இருக்கிறது. இந்தப் பயணத்தில் நான் மிகவும் எதிர்பார்த்த நாள் இது.

வேலைநிறுத்த நிதியைப் பகிர்ந்து கொடுக்க ஒரு பதிவேடு வைத்திருந்தார்கள். யாருக்குப் பணம் போகிறது என்று தெரிய வேண்டுமே! பெண்களின் பெயர், விலாசம், வேலை, திருமணமானவரா, சம்பளம் எவ்வளவு என்று வரிசை வரிசையாகக் கையால் எழுதியிருக்கிறார்கள். ஐரிஷ் குடும்பப் பெயர்கள் நிறைய. ஒரே தெரு திரும்பத் திரும்ப வருகிறது. அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து சேர்ந்து வேலைக்குப் போனவர்கள் சேர்ந்தே வெளியே வந்திருக்கிறார்கள். செவ்வாயன்று பார்த்த திருமணப் பதிவேட்டில் பெண்ணின் தொழிலுக்கு நேரே கோடு போட்டிருந்தார்கள். இங்கே அந்தக் கட்டத்தில் வேலை எழுதியிருக்கிறது, பக்கத்தில் கூலியும். பெண்களே தங்களுக்காகப் பேசத் தொடங்கியபோது உருவான காகிதம் என்பதால்தான் இது வேறு மாதிரி இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சங்கக் குழுவின் புகைப்படமும் பார்க்கக் கிடைத்தது. நடுவில் பெசன்ட், உடன் அவருடைய தோழர் ஹெர்பர்ட் பர்ரோஸ், சுற்றிலும் குழுப் பெண்கள். நெற்றியில் கத்தரித்த முடி, கழுத்துவரை பொத்தான் போட்ட உடை, பெரிய தொப்பிகள். யாரும் சிரிக்கவில்லை. பரிதாபத்துக்குரியவர்கள் என்று பத்திரிகைகள் வரைந்த படத்துக்கும் இந்த முகங்களுக்கும் சம்பந்தமே இல்லை. நேராகக் கேமராவைப் பார்க்கிறார்கள். தீக்குச்சிப் பெண்கள் வாரந்தோறும் சில பென்ஸ் சேர்த்துத் தொப்பிக்கு இறகு வாங்குவார்கள் என்று படித்திருக்கிறேன். நாலு ஷில்லிங் சம்பளத்தில் இறகு எதற்கு என்று அன்று கேட்டவர்கள் உண்டு. எதற்கு என்றால், ஞாயிற்றுக்கிழமை தெருவில் நடக்கும்போது தலை நிமிர்ந்திருக்கத்தான்.

1888 ஜூலை இறுதியில் சங்கத்தின் முதல் கூட்டம் நடந்தது. சாரா குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டு லண்டனில் நடந்த பன்னாட்டுத் தொழிற்சங்க மாநாட்டுக்கும், 1890இல் லிவர்பூல் மாநாட்டுக்கும் சங்கத்தின் பிரதிநிதியாகப் போனார். பீர் ஆலை வேலையாளின் மகள், இருபத்தேழு வயதில், ஆண்கள் நிறைந்த மண்டபத்தில்.

1891 டிசம்பரில் சார்லஸ் ஹென்றி டியர்மன் என்ற மரச்சாமான் தச்சரை மணந்தார். சாரா சாப்மன் என்ற பெயர் அன்றோடு ஆவணங்களிலிருந்து மறைகிறது. இனி தேட வேண்டியது சாரா டியர்மன்.

வெள்ளி, பெத்னல் கிரீன்

மரவேலைக்குப் பெயர்போன வட்டாரம். சின்னச் சின்னப் பட்டறைகளில் நாற்காலியும் அலமாரியும் செய்து கடைகளுக்குக் கொடுப்பார்கள். டியர்மன் குடும்பம் இங்கே வந்து சேர்ந்தது. 1892இல் முதல் மகள் சாரா எல்சி; எல்லாமாக ஆறு பிள்ளைகள். அம்மா இறந்தபோது உயிரோடு இருந்தவர்கள் மூவர்.

இந்த ஐம்பது ஆண்டுகளுக்கு ஆவணங்கள் மெலிந்துகொண்டே போகின்றன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பத்து ஆண்டுக்கு ஒருமுறை உண்டு. தனியாளின் விவரங்களை நூறு ஆண்டுகள் மூடி வைத்துவிட்டுத்தான் திறப்பார்கள். 1921ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 2022 ஜனவரியில் திறந்தது. அடுத்தது 1931, அந்தத் தாள்கள் முழுவதும் 1942 டிசம்பரில் ஒரு தீ விபத்தில் எரிந்துபோயின. 1941இல் போர் காரணமாகக் கணக்கே எடுக்கவில்லை. இடையில் கைகொடுப்பது 1939 செப்டம்பர் 29 அன்று அடையாள அட்டைக்காக எடுத்த பதிவு ஒன்றுதான். அதில் லட்சக்கணக்கான பெண்களுக்கு நேரே எழுதியிருப்பது, "கூலியில்லா வீட்டு வேலை". எழுதினார்களே, அதுவரை சந்தோஷம்.

பெத்னல் கிரீன் நிலையத்தின் படிக்கட்டருகே ஒரு நினைவுச் சின்னம். தலைகீழாகத் தொங்கும் மரப் படிக்கட்டு. 1943 மார்ச் 3 இரவு, விமானத் தாக்குதல் எச்சரிக்கை கேட்டு மக்கள் இந்தச் சுரங்க நிலையத்துக்குள் ஓடியபோது படியில் ஒருவர் தடுக்கி விழுந்தார். மேலே வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவராக விழுந்து 173 பேர் இறந்தார்கள். 62 பேர் குழந்தைகள். சாராவுக்கு அப்போது எண்பது வயது. அவருடைய வட்டாரம், அவருடைய நிலையம். பெயர்ப் பட்டியலை முழுக்கப் படித்தேன். ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வரும் இடங்களில் படிக்க முடியாமல் நின்றேன்.

போர் முடிந்ததை சாரா பார்த்தார். 1945 நவம்பர் 27 அன்று பெத்னல் கிரீன் மருத்துவமனையில் இறந்தார். வயது 83.

சனி, மேனர் பார்க்

ரயிலில் வந்தால் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் மேனர் பார்க் கல்லறைத் தோட்டம். சாராவைப் பொதுக் குழியில் அடக்கம் செய்தார்கள். அவரோடு உறவே இல்லாத வேறு ஐந்து முதியவர்களும் அதே குழியில். இடத்தை விலைக்கு வாங்கினால்தான் கல் வைக்க உரிமை. வாங்க முடியாத குடும்பங்களின் ஆட்களை இப்படி ஒன்றாக அடக்குவது அன்றைய வழக்கம். எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் அங்கே இருப்பது வெளியுலகத்துக்குத் தெரியவில்லை.

கண்டுபிடித்தவர் அவருடைய கொள்ளுப்பேத்தி. குடும்ப மரம் தேடத் தொடங்கியவர், தன் கொள்ளுப்பாட்டிதான் பழைய புகைப்படத்தில் பெசன்ட்டோடு இருக்கும் சாரா என்பதைத் தெரிந்துகொண்டு, அடக்கப் பதிவேடு வழியாகக் குழியையும் கண்டுபிடித்தார். பழைய பொதுக் குழிகளின் மேல் மண்ணைக் கொட்டி உயர்த்திப் புதிய இடமாக்கும் திட்டம் வந்தபோது அதை எதிர்த்துப் போராடினார். விஷயம் நாடாளுமன்றம்வரை போனது. குடும்ப வரலாறு என்பதைப் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன். இந்தப் பெண் தேடியிருக்காவிட்டால் நான் இங்கே வந்திருக்க முடியாது.

பொதுக் குழிகள் இருக்கும் பக்கமாகச் சுற்றி நடந்தேன். கொண்டுவந்த பூவைப் புல்மேல் வைத்தேன். வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மேனர் பார்க்கிலேயே முருகன் கோயில் இருக்கிறது. கிழக்கு ஹாம் பக்கம் நடந்தால் கடைப் பலகையெல்லாம் தமிழ். ஒரு கடையில் வடை சாப்பிட ஒதுங்கினேன். கடைக்கார அம்மா யாழ்ப்பாணம். "எங்கே போய் இப்படி நனைந்து வருகிறீர்கள், பிள்ளை?" என்றார். சொன்னேன். தீக்குச்சி, தாடை, அபராதம், பொதுக் குழி எல்லாம். அடுப்பைக் குறைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவர், "அவரோடு போன மற்ற இரண்டு பேர் என்ன ஆனார்கள்?" என்றார்.

மேரி கம்மிங்ஸையும் திருமதி நால்ஸையும்தான் கேட்கிறார். வேலைநிறுத்தப் பதிவேட்டின் படங்கள் இணையத்திலும் கிடைக்கின்றன. இன்று இரவு அதில் கம்மிங்ஸ் என்ற பெயரிலிருந்து தொடங்குகிறேன். விலாசம் கிடைத்தால் 1891 கணக்கெடுப்பில் அந்தத் தெருவைப் பார்க்கலாம். கிடைத்ததை அடுத்த வாரம் எழுதுகிறேன்.